தெஹிவளை வீட்டுக்கு எத்தனை ஜிபி காணும்?

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தெஹிவளையில் வீடு சரிவந்ததைக் கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். மகளின் ஏ.எல். வகுப்புகளுக்கும் அதுதான் வசதி. அம்மாவைக் கீழ் அறையில் விடப்போவதாக எழுதியிருந்தாய், நல்ல யோசனை. படியேறுகிற கரைச்சல் அவவுக்கு இனி இருக்காது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். புது வீட்டு இன்டர்நெட்டுக்கு மாதம் 100 ஜிபி பெக்கேஜா, அன்லிமிட்டட்டா? விற்கிற பெடியனிடம் கேட்டால் எத்தனை பேர் வீட்டில் என்றுதான் கேட்பான். அது பிழையான கேள்வி. நான்கு பேர் நாள் முழுக்கப் பேப்பர் வாசித்தாலும், மெயில் பார்த்தாலும், வட்ஸ்அப்பில் எழுதினாலும் ஜிபி பெரிதாக இறங்காது. டீவியும் கமராவும் தன்பாட்டில் மேலே ஏறுகிற ஃபைல்களும்தான் மாதத்தைத் தின்பவை. உன் வீட்டில் இந்த மூன்றும் இருக்கின்றன.

கணக்குக்கு ஒரேயொரு எண்ணை மனதில் வைத்துக்கொள்: 0.45. ஒரு வீடியோ எத்தனை எம்பிபிஎஸ் (செக்கனுக்கு எத்தனை மெகாபிட்) வேகத்தில் ஓடுகிறதோ அதை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 5 எம்பிபிஎஸ் எச்டி படம் மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி. அம்மா பின்னேரம் மூன்று மணித்தியாலம் நாடகம் பார்த்தால் 30 நாளுக்கு 202 ஜிபி. அதே நாடகத்தை 480பி என்கிற குறைந்த தரத்தில், கிட்டத்தட்ட 1.1 எம்பிபிஎஸ்ஸில் ஓடவிட்டால் 45 ஜிபி. 32 அங்குல டீவியில் எட்டடி தள்ளியிருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நெட்பிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு: சாதாரண தரம் மணித்தியாலத்துக்கு 1 ஜிபி வரை, எச்டி 3 வரை, 4கே 7 வரை. அதில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் பிளேபேக் செட்டிங்ஸ் தனியாக உண்டு, ஒருமுறை குறைத்துவிட்டால் போதும். யூடியூப்பில் போனுக்கு வைக்கிற தரம் டீவிக்கு வராது. டீவியில் தனியாகப் பார்த்துக் குறைக்கவேண்டும், ஓட்டோபிளேயையும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். டீவியை ரிமோட்டால் நிறுத்தினாலும், பக்கத்தில் செருகியிருக்கும் ஆண்ட்ராய்ட் பெட்டி நிற்பதில்லை. திரை கறுப்பாக இருக்க, பெட்டி விடியவிடிய ஓடிக்கொண்டிருக்கும். இந்தியச் சேனல் பார்க்க வெளியில் வாங்குகிற பெட்டிகள் இதில் பொல்லாதவை: நேரடிச் சேனலுக்கு முடிவு கிடையாது, "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்கவும் மாட்டா. பெட்டியையும் டீவியையும் ஒரே சுவிட்ச் போர்டில் போட்டு, படுக்கமுன் சுவரில் நிறுத்தச் சொல்லு. பைபர் லைனோடு சேர்த்து எடுக்கிற ஐபிடிவி பெட்டி வேறு கதை. அது வழமையாகத் தனி வழியால் வருவது, உன் டேட்டாவில் கழியாது. ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்து, ஏனென்றால் அதே சேனலைப் போன் அப்பில் பார்த்தால் கழியக்கூடும்.

கமரா விஷயத்தில் நீ எழுதியதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். "இரண்டு வைபை கமரா, எப்போதும் ரெக்கோர்டிங்" என்கிறாய். அது கிளவுட்டுக்கு, அதாவது இணையத்திலுள்ள சேமிப்புக்குப் போகிற ரெக்கோர்டிங் என்றால், ஒரு கமரா வெறும் 1 எம்பிபிஎஸ்ஸில் ஓடினாலே நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324. இரண்டும் சேர்ந்து 648. எந்த 100 ஜிபி பெக்கேஜும் ஐந்தாம் நாளைத் தாண்டாது. பல பெக்கேஜ்களில் மேலே அனுப்புவதும் கீழே இறக்குவதும் ஒன்றாகத்தான் எண்ணப்படுகின்றன, கமரா அனுப்புவது மட்டும்தானே என்று விட்டுவிடாதே. கமராவுக்குள் மைக்ரோ எஸ்டி கார்ட் போட்டு அதிலே பதியவிடு. கிளவுட்டை நிறுத்து, அல்லது அசைவு தெரிந்தால் மட்டும் என்று வை. மரமோ ஒழுங்கையோ தெரிகிற பக்கம் அசைவு எல்லையைச் சுருக்கு, இல்லாவிட்டால் காற்றுக்கு ஆடுகிற தென்னோலையெல்லாம் மேலே ஏறும். கந்தோரிலிருந்து எட்டிப்பார்க்கும்போது அப்பில் எஸ்டி என்கிற குறைந்த படத் தரத்தைத் தெரிவு செய்.

மகளின் சூம் வகுப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 1 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மாதம் 40 மணித்தியாலத்துக்கு 18 ஜிபி. அவள் தன் கமராவை நிறுத்தி வைத்தால் மேலே போவது சொற்பம். பிறகு அதே வகுப்பின் பதிவைத் திரும்பத்திரும்ப ஸ்ட்ரீம் பண்ணிப் பார்ப்பதில்தான் கூடும். பெக்கேஜோடு இரவு நேரத்துக்கென்று தனியாகத் தருகிற இரவு டேட்டாவில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டு எத்தனை தரமும் பார்க்கலாம்.

மேலே ஏறுகிற ஃபைல்களில் முதல் சந்தேகம் போட்டோ பெக்கப். 4கேயில் செக்கனுக்கு 30 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி என்று ஐபோன் தன் கமரா செட்டிங்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறது. பிறந்தநாள் வீட்டில் எடுத்த 10 நிமிட வீடியோ 1.7 ஜிபி. 1080பியில் நிமிடத்துக்கு 60 எம்பிதான். கூகிள் போட்டோஸில் ஒரிஜினல் தரத்தை மாற்றி ஸ்டோரேஜ் சேவரை வை. வட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் போய், வைபையில் வீடியோ தானாக இறங்குவதை எல்லாருடைய போனிலும் நிறுத்து. குடும்பக் குரூப்பில் வருகிற ஒரே காலை வணக்க வீடியோ நாலு போனில் நாலு தரம் இறங்குகிறது.

லெப்டொப் விண்டோஸ் 11 என்றால் இரண்டு வேலை. வைபை பெயரின் விபரத்துக்குள் மீட்டர்ட் கனெக்ஷனைப் போடு. பெரிய அப்டேட்கள் தள்ளிப்போகும், மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்ட்ரைவும் ஒத்திசைவை நிறுத்திவைக்கும். பிறகு விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று போய்ப் பார். அங்கே இணையத்திலுள்ள கணினிகளோடும் பகிர்வதாக இருந்தால், உன் லெப்டொப் யாரோ ஒருவருக்கு உன் டேட்டாவில் அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்கும். உள்ளூர் நெட்வேர்க் மட்டும் என்று மாற்று. மீட்டர்ட்டை நிரந்தரமாகப் போட்டு மறந்துவிடாதே, பாதுகாப்பு அப்டேட்டுகள் தேங்கிவிடும். கிழமைக்கு ஓரிரவு கழற்றி ஓடவிடு. மகன் ஸ்டீம் என்கிற கேம் தளத்தில் விளையாடுகிறான் என்றால், அதன் டவுன்லோட்ஸ் பகுதியில் அப்டேட்டுக்கு நேரம் குறிக்கலாம், நள்ளிரவுக்குப் பின் வைத்துவிடு. சில விளையாட்டுகள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன.

நாலைந்து நாள் அளந்து பார்க்காமல் எதையும் தீர்மானிக்காதே. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் எண்ணிக்கையை நம்பி இருக்காதே: கரண்ட் போனால் பூச்சியத்துக்கு வந்துவிடும், பழைய மாதிரிகள் சிலவற்றில் 32 பிட் எண்ணி என்பதால் 4.29 ஜிபி தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். நிறுவனத்தின் அப்பில் வருவதுதான் பில்லுக்குச் செல்லுபடியாகும் கணக்கு, ஆனால் அது சில மணித்தியாலம் பிந்தி வரக்கூடும். உன் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் 10 வீதம் வரை வித்தியாசம் வந்தால் சண்டைக்குப் போகாதே. அவர்களின் 100 ஜிபியை விண்டோஸ் தன் முறையில் 93 என்று காட்டும், டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொன்றிலும் இருக்கிற விலாசத் தலைப்புக்கு இன்னும் ஒரு 3 வீதம் போகும். அதற்கு மேலே என்றால் கசிவு. இரவு படுக்கமுன் அப்பின் எண்ணைக் குறி, பாதிச் சாதனங்களை நிறுத்து, காலையில் பார். மறுநாள் மற்றப் பாதி. கள்ளன் எந்தப் பக்கம் என்று கெதியில் தெரிந்துவிடும். எல்லாம் நிறுத்தியும் ஏறினால் வைபை பாஸ்வேர்டை மாற்று, பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைய விடுகிற டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்து. அனெக்ஸில் குடியிருப்பவருக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கிற யோசனை இருந்தால் கெஸ்ட் நெட்வேர்க்கில் கொடு. வீட்டு ரவுட்டர் பலவற்றில் அதற்கு வேகத்தைத்தான் கட்டுப்படுத்தலாம், மாத அளவை அல்ல என்பதையும் தெரிந்து கொடு.

இரவு டேட்டா பற்றி நீ நக்கலாக எழுதியிருந்தாய். எனக்கோ பெக்கேஜில் நியாயமான பகுதி அது ஒன்றுதான். கடலடி கேபிள் கொள்ளளவை நிறுவனங்கள் வேகக் கணக்கில்தான் வாங்குகின்றன. பின்னேரம் 7 தொடக்கம் 11 வரை ஏறுகிற உச்சத்துக்குத்தான் செலவு. விடிய 3 மணிக்கு, கொழும்பில் இறங்குகிற சீ-மீ-வீ 4 கடலடி கேபிளோ மாத்தறையில் இறங்குகிற சீ-மீ-வீ 5ஓ உனக்காக மேலதிகமாகக் கஷ்டப்படப்போவதில்லை. யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்றவர்கள் இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வீடியோக்களின் பிரதியை வைத்திருக்கிற கேஷ் சேர்வர் வைக்கும்போது, அந்த வீடியோ கடல் தாண்டி வருவதும் குறைவு. ஜிபி கணக்கோ எல்லாவற்றையும் ஒன்றாகவே கழிக்கும். 2022இல் பெட்ரோலுக்கு கியூஆர் கோட்டா தந்த மாதிரி: லீற்றர் எத்தனை என்று சொல்லும், கியூ எப்போது நீளும் என்று சொல்லாது. டொரோண்டோத் தங்கச்சியோடு கதைப்பதைக் காலை 6 மணிக்கு மாற்று. அங்கே முந்திய இரவு 7.30, கோடையில் 8.30. உன் பெக்கேஜின் இரவு நேரம் 7 வரை என்றால் முழுக்க அதிலேயே போகும்.

யூடியூப்புக்குத் தனி, சோஷல் மீடியாவுக்குத் தனி என்று விற்கிற துண்டு டேட்டாவில் காசு போடமுன் யோசி. போனில் நீ போகிற இடத்தை மறைக்கிற வீபீஎன் போட்டிருந்தால் எந்தத் தளம் என்று நிறுவனத்துக்குத் தெரியாது, பொது டேட்டாவில்தான் கழியும். பேஸ்புக்கில் வருகிற லிங்கை அழுத்தி வெளித்தளத்துக்குப் போனாலும் அதேதான்.

அன்லிமிட்டட் என்றால் வேக வரம்பைக் கேள். 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்குவார்கள் என்றால் பாதகமில்லை, அதிலேயே நாளுக்கு 21 ஜிபி ஓடும். சாதாரண பெக்கேஜ் முடிந்ததும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் 1 எம்பி படம் வர இரண்டு நிமிடம், வங்கி அப் திறக்கமுன் நேரம் முடிந்துவிடும். மாதம் எந்தத் திகதியில் புதுப்பிக்கிறது, மேலதிக டேட்டா எத்தனை நாளுக்குச் செல்லும், ஒப்பந்தக் காலத்துக்குள் சிறிய பெக்கேஜுக்கு இறங்க விடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கு. விலையை ஒப்பிடும்போது வரியோடு சேர்ந்த மாதக் கட்டணத்தைப் பகல் ஜிபியால் மட்டும் வகுத்துப் பார், பாவிக்காத இரவு ஜிபி மலிவு மாதிரிக் காட்டும். பின்னர் கணக்கில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் போடு, அதற்குப் பதில் சரிவராவிட்டால்தான் எல்விட்டிகல மாவத்தையிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. தினசரி எடுத்த ஸ்கிரீன்ஷொட் கையில் இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்கு என் கணிப்பு: டீவி 480பியில் 45, வகுப்பு 18, கமரா எட்டிப்பார்க்க 5, போன்களுக்கு 25. மொத்தம் 93. அம்மாவுக்கு 720பிதான் வேண்டும் என்றால் 100 காணாது, அடுத்த படிக்குப் போ. கமராவைச் சரிசெய்து, முதல் மாதம் 100ஓடு தொடங்கு. ஏறுவதற்கு எந்த நிறுவனமும் மறுக்காது.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கையெழுத்து வைக்கமுன் பெக்கேஜ் தாளை வடிவாகப் படமெடுத்து அனுப்பு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் மச்சான்