வடக்கே லோடு ஏற்றிப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓட்டுநர் அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். மார்கழி, தை மாதங்களில் ஆக்ரா, டெல்லி, பஞ்சாப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

அங்கே இறங்குவது நம் ஊர்க் காலைப்பனி அல்ல, அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. 60 கி.மீ. வேகத்தில் அந்த 50 மீட்டரை மூன்றே நொடியில் கடந்துவிடுவோம். பாரம் ஏற்றிய வண்டியை அதற்குள் நிறுத்துவது பெரும்பாடு. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். டிம்மில் போங்கள்.

முன்னால் போகும் வண்டியின் சிவப்பு வெளிச்சத்தையே நம்பிப் போகும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஒருமுறை மதுரா தாண்டி அப்படிப் போனபோது, அது விளக்கே அல்ல. சாலையில் நின்றிருந்த கரும்பு டிராலியின் ரிஃப்ளெக்டர். கிளீனர் தம்பி கத்தியதால் பிழைத்தோம். ஆகவே ஓய்வெடுப்பதென்றால் தாபா அல்லது பெட்ரோல் பங்க். சாலையோரம் வேண்டவே வேண்டாம். நம் வண்டியின் பின்பக்க ரிஃப்ளெக்டர் பட்டையையும் தினமும் துடையுங்கள்.

குளிருக்குக் கேபினுக்குள் கரியடுப்பு வைத்துக் கதவை அடைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூடுதலாக ஒரு கம்பளி வாங்குங்கள், பெரிய செலவில்லை.

லோடு தாமதமானால் புக்கிங் ஆபீஸில் சத்தம் போடுவார்கள். போடட்டும்.

மூட்டம் கண்ட இடத்தை, வண்டியை நிறுத்திய பிறகு, நம் ஓட்டுநர் குழுவில் பதியுங்கள். பின்னால் வருகிறவருக்கு உதவும்.