மெல்பேர்ன் தமிழ் நடைக்குழுக்களுக்கு: சப்பாத்தைக் கழுவிவிட்டு வாருங்கள்

வணக்கம்.

குளிர்கால நடைக்கான அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிட்டன. கிராம்பியன்ஸ், பிரிஸ்பேன் மலைத்தொடர், வில்சன்ஸ் புரொமொன்றரி, எல்லாம் விக்டோரியாவின் தேசியப் பூங்காக்கள். யார் கொத்துரொட்டி கொண்டுவருவது, யாருடைய காரில் யார் ஏறுவது என்பதுவரை எழுதிவிடுகிறோம். சப்பாத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அதில் ஒட்டும் சேறு காட்டுச் செடிகளைக் கொல்லும் நோயைக் காவிப்போகிறது. கழுவிவிட்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நாம் போகும் பருவத்தில் அங்கே பூத்து நிற்பது பிங்க் ஹீத் என்ற சிறு புதர்ச்செடி. 1958 முதல் விக்டோரியாவின் மாநில மலர். படம் எடுக்கக் குனிகிறவர்கள் பூவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒல்லியான குழாய், வாயில் ஐந்து மடல். அடிப்பக்கத்தில், யாரோ நகத்தால் அமுக்கிவிட்டதுபோல் ஐந்து சின்னக் குழிகள். இலை நுனி ஊசி. காலுறையையும் தாண்டிக் குத்தும். நீண்டு வளைந்த அலகுள்ள ஸ்பைன்பில் குருவி தேன் குடிக்க வருவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது.

இதையும் இதன் சொந்தங்களையும் எபாக்ரிடேசியே என்று தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு எரிகேசியே என்ற இன்னொரு குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கிற ரோடோடென்ட்ரன் மரமும் அதே குடும்பம்தான். ஆக, நமக்கு முற்றிலும் அந்நியமான செடி இல்லை.

இந்தச் செடிகளைக் கூட்டமாகக் கொல்வது பைற்றொப்தொரா சின்னமோமி என்ற நுண்ணுயிர். 1922இல் சுமாத்திராவின் கறுவா மரங்களில் கண்டு விவரிக்கப்பட்டது. பூஞ்சணம் மாதிரி இருக்கும். உண்மையில் பழுப்புப் பாசிகளுக்குத்தான் கிட்டிய சொந்தம். ஈர மண்ணில் அதன் வித்துகள் நீந்திப்போய் மெல்லிய வேர்களில் புகுந்து அழுகவைக்கும். வேர் போனபின் செடி ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தால் சாகும். தலையில் புல்போல் இலைக்கொத்துள்ள புல்மரங்களும் கூடவே சாய்கின்றன. காட்டிலிருந்து அதை ஒழித்துக்கட்ட மருந்து கிடையாது. பொஸ்பைட் என்ற உப்பின் கரைசலைத் தெளித்தால் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

அது தானாக ஊர்வது மெதுவாக. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீரோடு போகும். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு அதைத் தூக்கிப்போவது நாம்தான்: சப்பாத்து அடியில், சைக்கிள் சில்லில், கூடார முளையில் ஒட்டிய சேறு. பூ பார்க்க நல்ல காலமும் சேறு ஒட்டும் காலமும் ஒன்றாய் வந்து தொலைக்கின்றன. ஒரே வார இறுதியில் இரண்டு பூங்காக்களை முடிக்கும் நம் வழக்கம் இதற்கு மிக வசதி.

நடையை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டிலேயே பழைய தூரிகையால் மண்ணை முழுக்கத் தட்டி எடுங்கள். வீட்டுத் தோட்டத்து மண்ணும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம், பின்வளவில் அவக்காடோவின் வேரை அழுகவைப்பதும் இதே உயிர்தான். பிறகு மெதிலேற்றட் ஸ்பிரிட் ஏழு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அடிப்பக்கம் நனையத் தெளித்துக் காயவிடுங்கள். சேற்றின் மேலேயே தெளித்தால் மருந்து உள்ளே போகாது. திரும்பும்போது காரில் ஏறுமுன் இன்னொருமுறை செய்யுங்கள், அந்த இடத்து மண் அங்கேயே கிடக்கட்டும். பாதை வாசலில் தூரிகைப் பெட்டி வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. வரிசையில் நின்று தேய்த்துவிட்டுப் போவோம். பாதை மூடியிருக்கிறது என்று பலகை சொன்னால், "சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவம்" என்று யாரும் கிளம்பவேண்டாம்.

ஒழுங்கமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குழுக்காசில் இரண்டு தூரிகை, ஒரு தெளிப்பான் வாங்கி முதலுதவிப் பெட்டியோடு வையுங்கள். அடுத்த அறிவித்தலில், சாப்பாட்டுப் பட்டியலுக்கு மேலேயே போடுங்கள்: "சப்பாத்து கழுவி, காயவிட்டு வரவும்."

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவர்