கரிசக்காட்டு வெடிப்பில் விழுந்த காசு

காங்கயம்
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு ஈரோட்டிலேயே வேலை அமைந்ததில் உன்னைவிடத் தங்கச்சிக்குத்தான் நிம்மதியாக இருக்கும். இங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் ரெண்டைப் பிரித்துப் போட்டுவிட்டது. மழை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இன்னும் தலைதூக்காததால் செம்மறியில் பாதியைச் சந்தைக்கு ஓட்டிவிட்டோம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இனி நீ கேட்ட விசயம். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள், மணல் தொட்டியில் பானை ஓட்டையும் பொம்மையையும் புதைத்துப் பிள்ளைகளைத் தோண்டவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். தோண்டவிடு. ஆனால் மணல் தொட்டி வேண்டாம். வெறும் மணலில் புதைத்தால் அது புதையல் வேட்டைதான். கைவேகம் உள்ளவன் நாலு பொருளை வாரிக்கொள்வான், மற்றவன் அழுவான், மணி அடித்துவிடும். எந்தப் பொருள் எதற்கு மேலே இருந்தது, எதோடு சேர்ந்து கிடந்தது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. பொருளை எடுத்தாயிற்று, அதன் கதை போயிற்று. உனக்குப் பானை மேலேயே கண், அது வரலாற்று வாத்தியார்களின் வியாதி. இந்த வேலையில் பாதி என் பாடமான அறிவியல்தான் மாப்ள.

நான் செய்வதைச் சொல்கிறேன். தக்காளி டிரே ஒன்று எடுத்து உள்ளே உரச்சாக்கை விரித்துக்கொள். அடியில் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக்கல் உருண்டை, கலந்த வெள்ளை மண்ணைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அமுக்கு. அதன்மேல் செம்மண். அதன்மேல் அடுப்புச் சாம்பலும் உடைந்த ஓட்டுச் சில்லும் ஒரு விரல் கனத்துக்கு. அப்புறம் கரிசல், மேலே வாய்க்கால் மணல். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது, இல்லாவிட்டால் எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். அடுக்குக்கு ரெண்டு மூன்று பொருள் போதும். கழுவிய கோழி எலும்பு, வளையல் துண்டு, தறி நூல் முடிச்சு, மிட்டாய்த் தாள், காசு. டிரேயின் மேல் சணல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்துவிடு. ஆயுதம் பழைய டீஸ்பூனும் பெயின்ட் பிரஷும். பத்து மார்க்கில் எட்டு நோட்டுக்கு, ரெண்டுதான் தோண்டியதற்கு. மண்ணின் நிறம், சதுரத்தின் எண், மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர், படம். ஒரு பொருளும் அகப்படாத சதுரத்துப் பிள்ளைக்கும் முழு மார்க் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடு.

கலையாத அடுக்கில் கீழே இருப்பது மூத்தது என்பது டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ 1669இல் பாறைகளை வைத்து எழுதிய விதி. பிள்ளைகள் அதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பாடமே. ஒரே அடுக்கில் ரெண்டு காசு வை. ஒன்று 1988ஆம் வருசத்து இருபத்தைந்து பைசா. இன்னொன்று வருசம் தெரியாதபடி தேய்த்துவிட்ட ஒரு ரூபாய், ஆனால் ரூபாய்ச் சின்னம் தெரிய வேண்டும். இந்த அடுக்கு எப்போது மூடியது என்று கேள். வகுப்பே 1988 என்று கூவும். அந்தச் சின்னத்தை அரசு ஏற்றது 2010இல், காசில் வந்தது 2011இல். ஆக, அடுக்கு மூடியது அதற்குப் பிறகுதான். பழைய காசு புது மண்ணில் கிடக்கலாம், உன் பாட்டி சுருக்குப் பையில் இன்னும் ஓட்டைக் காலணா இருக்கிறதே. புதுக் காசு பழைய மண்ணில் கிடக்க வழியில்லை என்று ஒரு பிள்ளை முடித்து வைத்தாள். அவளுக்காகவே இன்னொரு டிரேயில் மேலிருந்து ஒரு குழாயைச் செருகி, அடி அடுக்கில் சோடா மூடி ஒன்றைப் போட்டு, குழியை மணலால் நிரப்பி வைத்திருந்தேன். வெள்ளை மண்ணில் சோடா மூடி! பத்து நிமிசம் சண்டை. கடைசியில் ஒருவன் சுவரில் மண் நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "சார், இது எலி வளைங்க சார்" என்றான். உண்மையான அகழாய்வுக் குழியிலும் அதே கண்தான் வேண்டும்.

எலி வளையை விடு, நம் ஊரில் எலியே தேவையில்லை. உங்கள் பல்லடம் பக்கத்துக் கரிசலை நினைத்துப் பார். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். அந்தக் களியின் கனிமம் மெல்லிய தகடு தகடாக இருக்கும், தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், வெளியேறினால் சுருங்கும். ஒரு தட்டில் கரிசலையும் இன்னொன்றில் எங்கள் செம்மண்ணையும் குழைத்துக் காயவை. கரிசல் வெடித்ததும் ரெண்டு தட்டிலும் பாசிமணியைத் தூவித் தண்ணீர் ஊற்று. பிறகு விசயம் தெரியாத வேறு வகுப்பைக் கூப்பிட்டுத் தோண்டச் சொல். செம்மண்ணில் மணி மேலேயே கிடக்கும், கரிசலில் அடியில் அகப்படும். ஒரே நாள் போட்ட மணி, ஒன்று பழசு போலவும் ஒன்று புதுசு போலவும் காட்டும். மன்றத்தில் நீ ஒரே ஒரு பயிற்சிதான் நடத்த முடியும் என்றால் இதை நடத்து, மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

பானை உன் துறை. ஆனாலும் ஒன்று. சார்ட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் போடு. உடைந்த பானையின் விளிம்புத் துண்டைக் கவிழ்த்து எந்த வட்டத்தோடு ஒட்டிப் பொருந்துகிறதோ அதுதான் வாயின் அளவு. உள்ளங்கை அகலத்துண்டை வைத்து, இது சட்டியா குடமா என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். தொல்லியல்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கணக்கு டீச்சருக்கு இதில் தனிச் சந்தோசம். கருப்பு-சிவப்புப் பானையைக் காட்டும்போது, ரெண்டு சாயம் பூசியதல்ல, கவிழ்த்து வைத்துச் சுட்டதில் காற்றுப்படாத உள்பக்கமும் விளிம்பும் கறுத்து, காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவந்தது என்று சொல். சிவப்புக்கு மண்ணில் உள்ள இரும்பு காரணம், கறுப்புக்கு அதோடு கரியும் சேர்ந்துகொள்கிறது.

காலக்கணிப்புக்குத் தாயம் விளையாடுகிற புளியங்கொட்டை போதும். ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய கொட்டை நூறு. உருட்டிவிட்டு வெள்ளை விழுந்ததையெல்லாம் எடுத்துவிடு, மிச்சத்தை மறுபடி உருட்டு. எந்தக் கொட்டை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏறக்குறைய எத்தனை விழும் என்று எல்லோராலும் சொல்ல முடியும். செத்த மரத்திலும் எலும்பிலும் உள்ள கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது இப்படித்தான். பன்னிரண்டு கொட்டை மிஞ்சிய டப்பாவைக் கொடுத்து எத்தனை உருட்டு ஆகியிருக்கும் என்று கேள். மூன்று என்பார்கள், அதாவது பதினேழாயிரம் வருசத்துப் பக்கம். ரொம்ப உரசிய கொட்டை ஒரு பக்கமே விழும், அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 என்று செய்தி வந்தபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, இரும்பில் ஏதுங்க சார் கரிமம் என்பது. அது இரும்போடு கிடைத்த கரியின் காலம். அப்படியென்றால் அந்தக் கரி இரும்போடு ஒரே அடுக்கில்தான் கிடந்ததா, நூறு வருசத்து மரத்தின் வைரத்தை எரித்த கரியா, அப்படியானால் கரி இரும்பைவிட மூத்ததாகிவிடாதா என்று அடுத்த கேள்வி தானாக வந்தது. பெருமைப்படுவதற்கு முன் இதைக் கேட்கிற பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வு மேட்டுக்குக் கூட்டிப் போவதாக எழுதியிருக்கிறாய். நீ பதிற்றுப்பத்தில் கொடுமணம் வருவதிலிருந்து ஆரம்பிப்பாய், தெரியும். கல்லிலிருந்து ஆரம்பித்துப் பார். 1985இலிருந்து அங்கே தோண்டி எடுத்ததில் பாதி செய்து விட்டுப்போன மணிகளும் உண்டு, பச்சைக்கல், வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்), சூதுபவளம், நீலம் என்று. பச்சைக்கல் படியூரில் கிடைத்தது, சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல் உண்டு. கனிமவியலாளர் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் எண் ஏற ஏறக் கெட்டி, வெங்கச்சாங்கல் 7, குருந்தம் 9. ஆணியால் வெங்கச்சாங்கல்லைக் கீறச் சொல், ஆணியின் கறைதான் கல்லில் ஏறும். பிறகு, இவ்வளவு கெட்டியான கல்லில் நூல் நுழைகிற ஓட்டை எதைக் கொண்டு போட்டார்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. கல்லைத் துளைக்க அதைவிடக் கெட்டியான கல் வேண்டும், அது ஒரு நடை தூரத்தில் கிடந்தது. அந்த ஊர் அங்கே அமைந்ததற்கு நொய்யலும் வணிகப் பாதையும் மட்டுமல்ல, நிலத்துக்கடியில் இருந்ததும் காரணம்.

பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையையும் காட்டு. சாயத்தண்ணீர் வருசக்கணக்கில் தேங்கிய வண்டல் அது. உயர்நீதிமன்றம் 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன கதையையும் சொல். இதை ஆயிரம் வருசம் கழித்துத் தோண்டுகிறவன் எந்த அடுக்கு என்று பெயர் வைப்பான் என்று கேட்டேன். "பனியன் அடுக்கு" என்றான் ஒருவன். நாங்கள் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. மேட்டில் கிடக்கிற ஓட்டுச் சில்லை ஒரு பிள்ளையும் பையில் போடக்கூடாது. படம் எடுக்கலாம், கிடந்த இடத்தை எழுதலாம், அங்கேயே வைத்துவிட வேண்டும். தோண்ட அனுமதி வேண்டும் என்பது சட்டம். புதையல் சட்டம் 1878இல் வந்தது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது அகப்பட்டால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. "பத்து ரூவாய்ங்களா சார்" என்று வாய்பிளப்பார்கள், நானும் முதலில் பிளந்தேன். நம் கோவைப் பக்கத்து வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்ததை எல்லோரும் பேசுகிறோம். அகஸ்டஸ், திபேரியஸ் என்று ரோமப் பேரரசர்களின் பெயரைக் காசு சொல்கிறது. அது எந்த மண்ணில், எத்தனை அடியில், பக்கத்தில் எதோடு கிடந்தது என்று பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

வட்டம் போட்ட சார்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பெரிதாக்கி எடுத்துக்கொள். எங்கள் பக்கம் நல்ல கரிசல் கிடையாது. அடுத்த முறை வரும்போது மூட்டையில் பாதியாவது கொண்டுவா, சலிக்காமல். உனக்குச் சுக்காங்கல் எடுத்து வைக்கிறேன், வினிகர் ஊற்றினால் பொங்கும், ஆறாம் வகுப்புக்கு ஒரு மணிநேரம் ஓடும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்