நவம்பரில் உறையும் அருவிகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரப் பயணப் பக்கத்தில், நவம்பர் பிறந்ததும் கனடாவின் ரொக்கி மலையின் உறைந்த அருவிகளில் ஏறப் புறப்படலாம் என்று எழுதப்பட்டிருந்தது. கல்கரியில் குடியிருந்து எட்டுக் குளிர்காலங்களாக ஐஸ் ஏறி வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

அருவி நாட்காட்டியைப் பார்த்து உறைவதில்லை. பாறையில் எவ்வளவு நீர் கசிகிறது, கடந்த பத்து நாள் குளிர் இடைவிடாமல் நீடித்ததா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கல்கரி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,045 மீட்டர் மேலே உள்ளது. ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வீதி கடக்கும் போ கணவாயோ 2,000 மீட்டரையும் தாண்டியது. ஆகவே வீட்டு வாசலில் பார்க்கும் வெப்பநிலையை வைத்து மலையிடுக்கைக் கணிக்க இயலாது. மலையிலிருந்து இறங்கும் வெப்பமான சினூக் காற்று ஒரு பிற்பகல் வீசினாலே, காலையில் பாறையைப் பற்றியிருந்த ஐஸ் மாலைக்குள் பிடி தளர்ந்துவிடும். குளிர் திடீரென இறுகினாலும் ஆபத்தே. தனித்துத் தொங்கும் தூண்கள் சுருங்கி விறைப்பதால், ஏறுபவரின் ஐஸ் கோடாலி பட்ட ஓர் அடியிலேயே முறியக்கூடும்.

இதை நான் கன்மோர் அருகேயுள்ள குரொட்டோ பள்ளத்தாக்கில் ஒரு நவம்பர் காலையில் கற்றேன். இரண்டு நாள் முன் எடுக்கப்பட்ட படத்தில் அருவி வெள்ளை வெளேரென்று தடிப்பாகத் தெரிந்ததை நம்பிப் போயிருந்தோம். கோடாலியால் தட்டியபோது வெறும் குடத்தைத் தட்டியது போன்ற ஓசை எழுந்தது. பாதுகாப்புக்காக, குழாய்போல் உள்ளீடற்ற 16 சென்டிமீட்டர் ஐஸ் திருகாணி ஒன்றை முறுக்கினேன். நான்கு விரற்கடை வரை இறுக்கமாகப் போன அது பிறகு சட்டென்று தளர்ந்தது. உடனே அதன் குழாய் வழியே தண்ணீர் பீறிட்டு என் கையுறையை நனைத்தது. ஐஸுக்கும் பாறைக்கும் நடுவே ஓடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலை உணவைக்கூட முடிக்காமல் வந்திருந்தோம் என்ற வருத்தத்தோடு திரும்பினோம்.

ஐஸ் தடிப்பாக இருந்தாலும் அதற்கு மேலே இருக்கும் சரிவைப் பார்க்க வேண்டும். பருவத் தொடக்கத்துப் பனி ஆழமற்றதுதான், அதனால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். மெல்லிய பனிப்படை கடுங்குளிரில் அடியில் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மீது காற்று கொண்டுவந்து குவிக்கும் புதுப்பனி எளிதில் வழுக்கும். சமதரையில் முழங்கால் அளவே வரும் சிறு பனிச்சரிவும், செங்குத்தான ஐஸில் நிற்பவரை அப்படியே தள்ளிவிடும். பான்ஃப் நகருக்கு அருகேயுள்ள கஸ்கேட் அருவியின் மேலே, கிண்ணம்போல் குழிந்து பனி சேரும் பெரும் சரிவு ஒன்று இருப்பதைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றாடப் பனிச்சரிவு முன்னறிவிப்பு பெரும்பாலும் நவம்பரின் பிற்பகுதியில்தான் முறையாகத் தொடங்குகிறது. அதுவரை ஏறுபவர்கள் அங்கே பதிவிடும் அவதானிப்புகளையும், கனடிய மலை வழிகாட்டிகள் சங்கத்தின் நிலவர அறிக்கையையும் பார்க்கலாம். ஆனால் அவற்றில் இருப்பது எழுதப்பட்ட நாளின் நிலைமை மட்டுமே. லேக் லூயிஸுக்கும் ஜாஸ்பருக்கும் இடையே 230 கிலோமீட்டர் அளவு நீளும் வீதியின் பெரும்பகுதியில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. எனவே செயற்கைக்கோள் கருவியும், திரும்பும் நேரத்தை அறிந்த ஒருவர் வீட்டிலும் இருக்க வேண்டும்.

குளிர்கால இணைப்பிதழ் வெளியாகுமாயின், அருவிப் படங்களின் கீழே அவை எடுக்கப்பட்ட தேதியை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்கரி வாசகர் ஒருவர்