கல்யாண மேளத்தை நேரில் கேட்டுப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் பிடிக்கும் இந்த வேளையில், நம் திருநெல்வேலிச் சீமையில் கல்யாண வீட்டார் சமையலுக்கும் மேடை அலங்காரத்துக்கும் மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, மேளத்தையும் வரவேற்புக் கச்சேரியையும் மட்டும் கடைசி வாரத்தில், செல்பேசிக்கு வரும் ஒரு சிறு காணொளியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் எழுதுகிறேன்.

அந்தக் காணொளியில் கேட்பது வெட்டி ஒட்டிச் சீர்செய்த ஒலியாக இருக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்தக் குழுவினர் வாசிக்கும் கோயில் திருவிழாவுக்குப் போய்க் கால்மணி நேரம் நின்று கேட்பதே நம்பத்தக்க வழி. இரண்டு நாதஸ்வரங்களும் ஒரே சுருதியில் சேர்கின்றனவா, ராகம் வாசிக்கும்போது தவில் அடங்கி நிற்கிறதா, சினிமாப் பாட்டைத் தவிர ஒரு கீர்த்தனையாவது முழுதாக வருகிறதா என்பதைக் கவனித்தாலே தரம் தெரிந்துவிடும். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பிறந்த மண்ணில் நல்ல வாசிப்பை அடையாளம் காணும் காது நமக்கு இல்லாமல் போகக்கூடாது.

மேளத்தைப் பேசியபின் அதற்கு உரிய இடத்தையும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரமும், ஒரு பக்கம் கழியாலும் மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கும் தவிலும் கோயில் வீதிக்காகவே உருவானவை; நான்கு பக்கமும் சுவர் அடைத்த மண்டபத்தில் அவற்றின் முன் மைக் வைத்தால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் காது வலிதான் மிஞ்சும். நாதஸ்வரத்தின் வாய்ப்பகுதியில் செருகி ஊதும் சீவாளியை நனைத்துப் பதப்படுத்தவும் சுருதி சேர்க்கவும் கலைஞர்களுக்கு அவகாசம் தேவை. அவர்களைப் பந்தி வாசலில் ஒதுக்கி உட்காரவைப்பதும், வாசிப்பின் நடுவே பதிவுசெய்த பாட்டை ஓடவிடுவதும் மிகவும் தவறு. தாலி கட்டும் நேரத்தில் புரோகிதர் கையுயர்த்திக் கெட்டி மேளம் கேட்கும்போது, ஒலிபெருக்கியின் இரைச்சலில் அது மேளக்காரர் காதில் விழாமல் தாமதமாவதை நானே கண்டிருக்கிறேன்.

வரவேற்புக்கு மெல்லிசைக் குழு வைப்பவர்கள், கலைஞர்கள் உண்மையிலேயே வாசிக்கிறார்களா, அல்லது பதிவுசெய்த டிராக்குக்கு மேல் பாடுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் உறவினர் நலம் விசாரிக்கக்கூட முடியாத அளவுக்கு ஸ்பீக்கர் அலறும் கச்சேரி, விருந்தினருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. திறந்த வெளியில் நடத்துவோர், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதையும் கருதி நேரத்தை அமைக்க வேண்டும். வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் போன்ற வீட்டு விசேஷங்களுக்கு மைக் இல்லாத வீணையோ, புல்லாங்குழலும் மிருதங்கமுமோ போதுமானது. செலவும் பெரும்பாலும் குறையும்.

மண்டப உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் தொடங்குமுன் ஒலிபெருக்கியை நிறுத்தும் பொறுப்பைத் தங்கள் ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்து, அதை முன்பதிவுப் படிவத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், கல்யாண அவசரத்தில் யாரும் யாரையும் தேடி ஓட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சேரன்மகாதேவி.