செல்வத்துக்கு, மிச்சிகனிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி மைதானத்துக்குப் போகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மார்ச் பாதி தாண்டியும் பனி உருகவில்லை. நேற்றும் மகள் பள்ளி ஜிம்முக்குள்தான் சாப்ட்பால் வீசிப் பழகினாள். கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்போரமாகப் பந்தை விடுகிறாள். எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிடித்த எனக்கு உள்ளங்கை இன்னும் எரிகிறது!

ஆண்டு விழாவில் பேஸ்பால் மாஸ்டருக்குச் சால்வை போட்டுவிட்டு, பெண்களுக்கு சாப்ட்பால் சொல்லித்தரும் உன்னைக் கண்டுகொள்ளாமல் விட்டதை எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கேட்கவில்லை. இரண்டு ஆட்டத்தின் கோச்சுகளையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று கேட்டாய். இந்த ஊர்க் கணக்கையே சொல்கிறேன்.

கல்லூரி பேஸ்பாலில் கோச் ராட் டெடோ 11 தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். சாப்ட்பாலில் ஓக்லஹோமா பல்கலைக்கழக கோச் பேட்டி காசோவுக்கு 8. அதில் நான்கு, 2021 முதல் 2024 வரை தொடர்ந்து வந்தவை. 2023இல் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. பேஸ்பாலில் அப்படி ஒரு சீசனை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் சாப்ட்பாலில் பந்து வீசும் தூரம் 43 அடி, ஏழே இன்னிங்ஸ். பந்து வீச நல்ல பிட்சர் ஒருத்தி இருந்தால் அடுத்த நாளும் அவளையே இறக்கலாம். பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம், ஒன்பது இன்னிங்ஸ். ஒரு முழு ஆட்டம் வீசினால் அந்தத் தோளுக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். அப்புறம், நன்றாக ஆடும் பையனைப் படிப்பு முடியும் முன்பே தொழில்முறை அணிகள் கொண்டுபோய்விடும்.

புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் கோச்சாக இருந்த மைக் மார்ட்டினைப் பார். 40 சீசன், 2,029 வெற்றி. கடைசிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்கு 17 முறை அணியைக் கூட்டிப் போனார், ஒருமுறைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. அவரைக் கோட்டை விட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

என் மனசுக்கு நெருக்கமானவர் இந்த ஊர்க்காரர், கேரல் ஹட்சின்ஸ். 1985இலிருந்து 2022 வரை மிச்சிகன் பல்கலைக்கழக சாப்ட்பால் கோச். கோச்சாக மொத்தம் 1,707 வெற்றி, ஒரே பட்டம். பிப்ரவரியில் இங்கே மைதானமே கண்ணுக்குத் தெரியாது. பெண்களைத் தெற்கே கூட்டிப் போய், வாரக்கணக்கில் வெளியூரிலேயே ஆடவைத்துத்தான் சீசனைத் தொடங்க வேண்டும். வருஷம் முழுக்க வெயில் காயும் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை அப்படிப்பட்ட அணிதான் 2005 இறுதிப் போட்டியில் வென்றது. மூன்று ஆட்டங்களில் கடைசி ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது; பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஒரு ஹோம் ரன்தான் முடிவைத் தீர்மானித்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எந்த அணிக்கும் அதுவரை அந்தப் பட்டம் கிடைத்ததில்லை. காசோவின் எட்டுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் எனக்கு இந்த ஒன்றுதான் பெரிது.

நீ வெற்றி தோல்வி எழுதி வைக்கும் அந்த நீல அட்டை நோட்டில், எந்த வருஷம் மழைத் தண்ணீர் நின்று மைதானமே கிடைக்கவில்லை, எத்தனை பெண்கள் ஒரே கிளவுஸை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினார்கள் என்பதையும் எழுது. எழுதியதும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு, மகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ரவி