கீழ்வீட்டுக் கிழவரின் கிளாரினெட்

கொரோனா, நியூயார்க்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ‘உயிரோடு இருக்கிறாயா?’ என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அக்கா சொன்னதிலிருந்து தினமும் எழுத நினைப்பேன், அப்புறம் தூங்கிவிடுவேன்.

அம்மாவிடம் மறுபடி சொல்லுங்கள்: கொரோனா என்பது நான் இருக்கும் பேட்டையின் பெயர், நோய் இல்லை. குளிர்தான் ஆளை வாட்டுகிறது. தயிர் உறைய மாட்டேன் என்கிறது. துண்டைச் சுற்றி ஹீட்டர் மேல் வைத்தால்தான் மறுநாள் தோய்ந்திருக்கிறது. வேலையில் ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதினேன் இல்லையா? அவர் கிளாரினெட்காரர் என்று இப்போதுதான் தெரிந்தது. காபி போட்டுவிட்டால் ஹீட்டர் குழாயில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவார். நான் இறங்கிப் போவேன். சீவாளியை வாயில் ஊறப்போட்டுக்கொண்டே கொழகொழவென்று பேசுவார், அச்சு அசல் உங்களை மாதிரியே. உங்கள் நாயனச் சீவாளி இரட்டை நாணல், அவருடையது ஒற்றை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்கு ஒரு பைத்தியம். இந்தக் காலத்துப் பாட்டை எடுத்து எண்பது வருஷத்துக்கு முந்தைய நடையில் வாசிப்பது. எங்கள் பேட்டை இருக்கும் இதே குவீன்ஸ் பகுதியில், அஸ்டோரியாவில் ஸ்காட் பிராட்லீ என்ற பியானோக்காரர், தன் வீட்டு ஹாலிலேயே ஆட்களை நிற்கவைத்துப் படம்பிடித்து, இதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார். ‘போஸ்ட்மாடர்ன் ஜூக்பாக்ஸ்’ என்று கோஷ்டிக்குப் பெயர். ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ என்ற பாட்டு, மூலத்தில் ஒரே கிடார் இரைச்சல். அதை 2015இல் இவர்களோடு ஹேலி ரைன்ஹார்ட் என்ற பெண் நிதானமாக இழுத்துப் பாடியதைக் கேட்ட பிறகுதான், அது அழுகைப் பாட்டு என்றே எனக்கு உறைத்தது.

அந்தப் பழைய நடைக்கு ஸ்விங் என்று பெயர். அது என்ன என்று உங்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். தகிட தகிட என்று போகும்போது நடுவிலுள்ள ‘கி’யை விழுங்கிவிடுங்கள். த..ட, த..ட. நேராகப் போகிற பாட்டை இந்த நடைக்குத் திருப்பினால் தோளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடும். நான் பழக்கத்தில் முதல் அடியில் தட்டினேன். கிழவர் கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டிலும் நாலிலும் தட்டு என்றார். இன்னும் வரவில்லை.

லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற பெரிய டிரம்பெட்காரர் 1943 முதல் 1971இல் சாகும்வரை எங்கள் பேட்டையில்தான் குடியிருந்தார். வீடு இப்போது மியூசியம். ஒரு நாடகப் பாட்டைத் தன் பாணியில் பாடி, 1964 மே மாதம் அமெரிக்கப் பாட்டு வரிசையில் பீட்டில்ஸ் குழுவையே முதலிடத்திலிருந்து இறக்கியவர். அப்போது வயது 62. அடுத்தவர் பாட்டுதானே என்று யாரும் இளக்காரமாகப் பேசவில்லை.

அப்பா, மன்னார்குடிக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை அழைப்பில் பையன்கள் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்தீர்கள். கார் தெரு திரும்புவதற்குள் அது வேறு பாட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் தள்ளிவந்தவன்கூட நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து, ‘பிழைப்புக்கு வாசித்தது, வெளியே சொல்லாதே’ என்றீர்கள். நான் சொல்லவில்லை. போன ஞாயிறு கிழவர் வாசிக்கும்போது அந்தத் தெருவும் பெட்ரோமாக்ஸ் வாசனையும் அப்படியே வந்துவிட்டன. காபி சூடு, கண்ணில் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி. காது மிஷினுக்குப் பணம் இந்த மாதம் முடியவில்லை, பாங்கில் ஏதோ தாமதம். அடுத்த மாதம் கட்டாயம் அனுப்புகிறேன். பழைய நாயனத்தை யாரோ விலைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டாம். அக்காவின் வளையலை மீட்க மார்ச் வரை தவணை இருக்கிறது. சீட்டு இரும்புப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் இருக்கும். சித்தப்பா பட்டா கேட்டு வந்தால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், அசலைக் கண்ணில் காட்டாதீர்கள். முன்போலக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அன்பு மகன்